கடல் சூடானால் பவளப்பாறையின் பாக்டீரியாக்கள் ஏன் ‘கட்சி மாறுகின்றன’?

2024 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? பிரதமர் மோடி லட்சத்தீவில் ஸ்நார்க்கெலிங் செய்த படங்கள் வந்த வாரம். நம்மில் பலரும் ஆபீஸ் லேப்டாப்பிலேயே அகத்திக்கு ஃபிளைட் டிக்கெட் எவ்வளவு என்று தேடிப் பார்த்திருப்போம். ஆனால் அந்தப் படங்களில் தெரிந்த நீலக் கடல், 2023 அக்டோபர் இறுதியிலிருந்தே வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. 2024 மே மாதம், கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், லட்சத்தீவின் பவளப்பாறைகள் கடுமையாக வெளுத்துவிட்டதாக அறிவித்தது.

‘பவளப்பாறை வெளுத்தது’ என்ற செய்தியைப் படித்துவிட்டு நாம் ஸ்க்ரோல் செய்து போய்விடுகிறோம். வெளுப்பதோடு கதை முடிவதில்லை. வெளுத்த பவளம் பிழைக்குமா, நோய் வந்து சாகுமா என்பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பவளத்தின் மேலேயும் உள்ளேயும் வாழும் பாக்டீரியாக்கள்தான் அந்தக் கூட்டம். சாதாரண நாட்களில் பவளத்துக்குக் காவல் நிற்கிற இந்தக் கூட்டம், கடலின் நிலைமை மாறும்போது எப்படி மாறுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பவளம் என்பது பாறையா, செடியா?

இரண்டும் இல்லை, அது ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்குத் தூரத்துச் சொந்தம். நாம் பார்க்கும் ‘பாறை’, பாலிப் எனப்படும் ஆயிரக்கணக்கான குட்டி உயிரிகள் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு வீடு.

அந்த வீட்டில் அவை தனியாக இல்லை. பாலிப்பின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்துக்கு நிறம் வருவதும் பெரும்பாலும் இவற்றால்தான். கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட வெறும் 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் சூடாக இருந்தால் போதும், இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது, வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் ‘வெளுத்தல்’ என்கிறோம். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. அது பட்டினி கிடக்கும் பவளம். கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் தேறும்.

மூன்றாவது குடித்தனக்காரர்தான் பாக்டீரியா.

பாக்டீரியாவுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அந்தத் தண்ணீரில் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு விலங்கு எப்படி அழுகாமல் இருக்கிறது? பவளம் தன் உடம்பைச் சுற்றிச் சளி போன்ற ஒரு படலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சில பாக்டீரியாக்கள் அந்தச் சளியைத் தின்று அங்கேயே வாழ்கின்றன. திசுக்களுக்குள்ளும் சுண்ணாம்புக் கூட்டுக்குள்ளும் வேறு வகைகள் இருக்கின்றன.

சும்மா வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல இவை. ஃபாரஸ்ட் ரோவர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, பனாமாவிலும் பெர்முடாவிலும் பவளங்களைச் சேகரித்து, அவற்றில் இருந்த பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்தது. 2002-ல் வெளியான முடிவு இது: ஒரே இனப் பவளங்கள் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அவற்றின் பாக்டீரியாக்கள் ஒத்திருந்தன. வெவ்வேறு இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பாக்டீரியாக்கள் வேறு வேறாக இருந்தன. அதாவது, ஒவ்வொரு பவளமும் தனக்கென்று ஒரு கூட்டத்தை வைத்திருக்கிறது.

அந்தக் கூட்டம் நைட்ரஜன், கந்தகம் போன்ற சத்துகளைச் சுழற்றித் தருகிறது. இடத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பதால் புதிதாக வருபவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. சில வகைகள் மற்ற பாக்டீரியாக்களைத் தடுக்கும் ரசாயனங்களையும் சுரக்கின்றன. கிட்டத்தட்ட நம் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் செய்யும் அதே வேலைதான்.

வெயில் ஏறினால் என்ன ஆகுது?

கிம் ரிச்சி என்ற விஞ்ஞானி, கரீபியன் பகுதியின் எல்க்ஹார்ன் பவளத்தின் சளியை எடுத்துச் சோதித்தார். ஆரோக்கியமான பவளத்தின் சளிக்கு வெளி பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கும் சக்தி இருந்தது. வெளுப்பு ஏற்பட்ட கோடையில் அதே இனத்திலிருந்து எடுத்த சளியில் அந்தச் சக்தி இல்லை. அந்த நேரத்தில் சளியில் பெருகியிருந்தவை விப்ரியோ வகை பாக்டீரியாக்கள்.

விப்ரியோ என்றால் எங்கேயோ கேட்ட பெயர் போல இருக்கிறதா? காலரா உண்டாக்குவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாதான். கடலில் இந்தக் குடும்பத்துக்குப் பல உறுப்பினர்கள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

விப்ரியோ கோரலிலிட்டிகஸ் என்பது அவற்றில் ஒன்று. ‘பவளத்தைக் கரைப்பது’ என்று பொருள். நம் இந்தியப் பெருங்கடலில், சான்சிபார் அருகே நோய்ப்பட்ட பவளத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வகத்தில் இதைப் பவளத்தோடு சேர்த்து வைத்துத் தண்ணீரின் வெப்பத்தை மாற்றிப் பார்த்தார்கள். 22 டிகிரிக்குக் கீழே ஒன்றும் ஆகவில்லை. 25 டிகிரியை ஒட்டிப் பவளம் வெளுத்தது. 27 முதல் 29 டிகிரியில் திசுவே கரைந்தது. பாக்டீரியா அதேதான், பவளமும் அதேதான். மாறியது தெர்மாமீட்டர் மட்டுமே. திசுவின் புரதத்தைச் சிதைக்கும் நொதியை வெப்பம் கூடும்போது இந்த பாக்டீரியா அதிகமாகச் சுரக்கிறது.

அப்போ பாக்டீரியாதான் குற்றவாளியா?

இந்தக் கேள்வியை வைத்து விஞ்ஞானிகள் பத்து வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தால் இந்த விஷயம் முழுசாகப் புரியும்.

1990-களில் இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில் ஒக்குலினா படகோனிகா என்ற பவளம் ஒவ்வொரு கோடையிலும் வெளுத்து, குளிர்காலத்தில் தேறிக்கொண்டிருந்தது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யூஜின் ரோசன்பெர்க் குழு, இதற்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 1996-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. ஆய்வகத்தில் 16 டிகிரியில் வளர்ந்த பாக்டீரியாவால் பவளத்தில் ஒட்டவே முடியவில்லை. 25 டிகிரியில் வளர்ந்தது ஒட்டியது, உள்ளே நுழைந்தது, பாசியின் ஒளிச்சேர்க்கையை முடக்கும் நச்சைச் சுரந்தது. குளிர்காலத்தில் இந்த பாக்டீரியா எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக்கூடக் கண்டுபிடித்தார்கள். பவளத்தைத் தின்னும் ஒரு கடல் புழுவின் உடம்புக்குள்!

இத்தனை தெளிவான கதை 2000-களின் தொடக்கத்தில் திடீரென்று வேலை செய்யவில்லை. அதே பாக்டீரியாவை அதே இனப் பவளத்தில் விட்டார்கள். நோய் வரவில்லை. பவளம் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. நம்மைப் போல நோய்க்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் வசதி பவளத்துக்குக் கிடையாது. பிறகு எப்படி? தன்னோடு வாழும் நல்ல பாக்டீரியாக்களின் கூட்டத்தை மாற்றியமைத்துக்கொண்டு பவளம் தப்பித்திருக்கலாம் என்று 2006-ல் ரோசன்பெர்க் குழு சொன்னது. இதற்கு ‘பவள புரோபயாட்டிக் கருதுகோள்’ என்று பெயர்.

2008-ல் இன்னொரு குழு வந்தது. டிரேசி எய்ன்ஸ்வொர்த் தலைமையிலான அந்தக் குழு, வெளுத்துக்கொண்டிருந்த ஒக்குலினா பவளத்தை மைக்ரோஸ்கோப்பில் துருவிப் பார்த்துவிட்டு, வெளுப்புக்கு முதன்மைக் காரணம் பாக்டீரியா இல்லை என்றது. தொடக்க கால ஆய்வுகளில் பங்கேற்ற மாவோஸ் ஃபைன் இந்த மறுப்புக் கட்டுரையிலும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். தான் சேர்ந்து எழுதிய முடிவையே மறுபடி சோதிக்க அவர் தயங்கவில்லை.

இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்றுக்கொள்வது இதுதான்: உலகம் முழுவதும் நடக்கும் பெரும் வெளுப்புகளுக்கு நேரடிக் காரணம் கடல் வெப்பம். வெப்பத்தில் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு உறவு முறிகிறது. பாக்டீரியாவின் கை ஓங்குவது அதைச் சுற்றி நடப்பவற்றில்தான். பலவீனமான பவளத்தில் நோயாகவும், திசு இழப்பாகவும், தேறவிடாமல் இழுத்துப் பிடிப்பதாகவும் அது வெளிப்படுகிறது. எண்டோசோயிகோமோனாஸ் என்ற வகை ஆரோக்கியமான பல பவளங்களில் ஏராளமாக இருக்கும். பவளம் நெருக்கடியில் இருக்கும்போது இதன் பங்கு பெரும்பாலும் குறைகிறது, சந்தர்ப்பவாத வகைகள் பெருகுகின்றன. ஆளும் கட்சி பலவீனமானதும் அணி மாறுகிறார்களே, கிட்டத்தட்ட அதே கதை.

வெப்பம் மட்டும்தான் காரணமா?

இல்லை. தண்ணீரில் நாம் எதைக் கலக்கிறோம் என்பதும் இந்தக் கூட்டத்தை மாற்றுகிறது. நான்கு உதாரணங்கள் போதும்.

*கழிவுநீர்:* 1996-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் பகுதியில் எல்க்ஹார்ன் பவளங்களில் வெள்ளைத் திட்டுகள் தோன்றி, திசு உரிந்து விழுந்தது. நோயுற்ற பவளங்களில் கிடைத்த பாக்டீரியா செராஷியா மார்சசென்ஸ். இது மனிதர்களுக்கு ஆஸ்பத்திரித் தொற்று உண்டாக்கக்கூடிய பாக்டீரியா. மனிதக் கழிவுநீரிலிருந்து எடுத்த ரகத்தை ஆய்வகத்தில் பவளத்தில் விட்டபோது சில நாட்களிலேயே அதே நோய் வந்ததை 2011-ல் நிரூபித்தார்கள். விலங்கிலிருந்து மனிதனுக்கு நோய் வருவதைப் பற்றிக் கோவிட் காலம் முழுக்கப் பேசினோம். இங்கே நோய் போன திசை தலைகீழ்.

*உரச் சத்து:* அதே ஃப்ளோரிடா கீஸ் பகுதியில் ஒரு குழு, பவளப்பாறையின் சில பகுதிகளில் மட்டும் மூன்று ஆண்டுகள் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கசியவிட்டது. நோய் இரண்டு மடங்கானது, வெளுப்பு மூன்றரை மடங்கானது. 2014-ல் வெளியான இந்த ஆய்வின் முக்கியமான பகுதி இனிமேல்தான். உரத்தை நிறுத்தி ஒரு வருஷத்துக்குள் அந்தப் பகுதிகளுக்கும் மற்ற பகுதிகளுக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது.

*கடற்பாசி:* பாசி மேயும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால், பெரிய கடற்பாசிகள் பவளத்துக்குப் பக்கத்தில் மண்டிவிடும். இந்தப் பாசிகள் தண்ணீரில் சர்க்கரை போன்ற பொருட்களைக் கசியவிடுகின்றன. 2006-ல் வெளியான ஒரு சோதனையில் பவளத்தையும் பாசியையும் ஒரே தொட்டியில் வைத்து, நடுவில் பாக்டீரியா நுழைய முடியாத மிக நுண்ணிய ஃபில்டரை வைத்தார்கள். பாசி தொடவே இல்லை, ஆனாலும் பவளம் செத்தது. அதே சோதனையில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்தபோது பவளம் பிழைத்தது. என்ன நடந்திருக்கிறது? ஃபில்டரைத் தாண்டி வந்த சர்க்கரையைத் தின்று பவளத்தின் மேலிருந்த பாக்டீரியாக்கள் தாறுமாறாகப் பெருகின. அவை ஆக்சிஜனைக் காலி செய்ததில் பவளம் மூச்சுத்திணறியது. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வரவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கே தீனி அதிகமாகிவிட்டது.

*பிளாஸ்டிக்:* ஆசிய பசிபிக் பகுதியின் 159 பவளப்பாறைகளில் 1,24,000 பவளங்களைப் பார்த்து, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இது. பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4%. பிளாஸ்டிக் சிக்கிய பவளத்துக்கு 89%. பிளாஸ்டிக் பவளத்தைக் கீறிக் காயமாக்குகிறது, வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கிறது. காயமும் இருட்டும் சேர்ந்தால் நோய்க் கிருமிக்கு வழி திறந்தாச்சு.

நல்ல செய்தி ஏதாவது இருக்கா?

இருக்கு. சூழல் மாறினால் பாக்டீரியாக் கூட்டம் கெடுதலான பக்கம் மட்டும்தான் மாறும் என்றில்லை. அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடல் குட்டைகள் உள்ளன. ஒன்றில் வெப்பம் ஓரளவு சீராக இருக்கும். இன்னொன்றில் கடல் வற்றும் நேரத்தில் 35 டிகிரி வரை ஏறும். சீரான குட்டையின் பவளங்களைச் சூடான குட்டையில் நட்டு 17 மாதம் விட்டார்கள். அவற்றின் பாக்டீரியாக் கூட்டம் சூடான குட்டையின் பவளங்களைப் போலவே மாறியது. பிறகு வெப்பச் சோதனை வைத்தபோது, சூடான குட்டையில் வாழ்ந்தவற்றின் கூட்டம் கலையாமல் நின்றது. மற்றவற்றின் கூட்டம் குலைந்தது.

இதிலிருந்து அடுத்த யோசனை பிறந்தது. நல்ல பாக்டீரியாவை நாமே கொடுத்தால் என்ன? ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடிந்ததும் வீட்டில் தயிர் சாப்பிடச் சொல்வார்களே, அந்த லாஜிக்தான். ரக்கேல் பெய்ஷோட்டோ என்ற பிரேசில் விஞ்ஞானியின் குழு, ஆரோக்கியமான பவளத்திலிருந்தே எடுத்து வளர்த்த பாக்டீரியாக் கலவையைத் தொட்டிகளில் வைத்த பவளங்களுக்குக் கொடுத்து வெப்பத்தை ஏற்றியது. கலவை பெற்றவற்றின் உயிர்பிழைப்பு 40% கூடியதாக 2021-ல் அறிவித்தது. பிறகு சவுதி அரேபியாவின் செங்கடலில், நிஜமான பவளப்பாறையிலேயே வாரம் மூன்று முறை வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சுற்றியுள்ள தண்ணீரையும் மணலையும் பாதிக்காமல் பவளத்தின் பாக்டீரியாக் கூட்டத்தை மட்டும் மாற்ற முடிந்தது என்று 2024-ல் தெரிவித்தார்கள்.

ஃப்ளோரிடாவில் 2014-லிருந்து பரவும் ஒரு கொடிய திசு இழப்பு நோய்க்கு, டாக்டர் நமக்கு எழுதித் தரும் அதே அமாக்சிசிலினை முழுக்குநர்கள் பசைபோலக் குழைத்துப் பவளத்தின் புண்ணில் பூசுகிறார்கள். பூசிய புண் பெரும்பாலும் ஆறுகிறது. ஆனால் அதே பவளத்தில் வேறு இடத்தில் புதுப் புண் வராமல் அது தடுப்பதில்லை. மறுபடி முழுகணும், மறுபடி பூசணும்.

இந்த முயற்சிகளின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. கலவை கொடுப்பதோ மருந்து பூசுவதோ பவளம் பவளமாகச் செய்ய வேண்டிய வேலை. கடலின் வெப்பமும் அழுக்கும் அப்படியே இருந்தால், கொடுத்த நல்ல பாக்டீரியாவும் அதே சூழலில்தான் வாழ்ந்தாக வேண்டும். இவை நமக்கு அவகாசம் வாங்கித் தருகின்றன. தீர்வைத் தருவதில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்?

இந்தியாவின் முக்கியப் பவளப்பாறைகள் நான்கு பகுதிகளில் இருக்கின்றன: கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், பாக் விரிகுடா உட்பட நம்ம ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்து மன்னார் வளைகுடா. இதில் லட்சத்தீவின் நிலை தனி. அந்தத் தீவுகள் நிற்பதே பவளம் கட்டிய மேட்டின் மேல்தான். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 64,000 பேர் அங்கே வாழ்கிறார்கள். கடல் சீற்றத்தை வாசலிலேயே தடுப்பது பவளப்பாறை. முக்கியத் தொழிலான சூரை மீன்பிடிப்புக்குத் தூண்டிலோடு உயிருள்ள சிறு இரை மீன்கள் வேண்டும். அவை கிடைப்பதும் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் அமைதியான ஆழமற்ற கடலில்தான்.

அங்கே 1998-ல் சுமார் 37% ஆக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2022-ல் சுமார் 19% ஆகக் குறைந்துவிட்டது என்கிறது மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் 24 ஆண்டுக் கண்காணிப்பு. 2024 வெளுப்பு இந்தக் கணக்குக்குப் பிறகு வந்தது. இரண்டு வெளுப்புகளுக்கு நடுவே தேறுவதற்குக் கிடைக்கும் ஆண்டுகள் குறையக் குறைய, பவளத்தின் பாக்டீரியாக் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இன்னும் முக்கியமாகிறது.

சுருக்கமா சொன்னா?

கடல் வெப்பத்தைக் குறைப்பது ஒரு ஊரால், ஒரு மாநிலத்தால் ஆகிற காரியமில்லை. அது உலக நாடுகளின் கார்பன் கணக்கு. ஆனால் கழிவுநீர், உரம், பிளாஸ்டிக், பாசி மேயும் மீன்கள் ஆகிய நான்கும் உள்ளூரிலேயே முடிவாகிற விஷயங்கள். தண்ணீர் சுத்தமானால் ஒரு வருஷத்துக்குள் பலன் தெரியும் என்பதை ஃப்ளோரிடா சோதனை காட்டியிருக்கிறது. எனவே ஒரு தீவில் புது ரிசார்ட் வருகிறது என்று படித்தால், எத்தனை அறை என்பதோடு அதன் கழிவுநீர் எங்கே போகும் என்றும் கேளுங்கள்.

நீங்களே அங்கே போனால், பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். உங்கள் விரலுக்கும் அந்த விலங்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய சளிப் படலம்தான். அதன் காவல்காரர்கள் குடியிருப்பதும் அதில்தான்.